சுவையான பேர்வழிகள்

ஒருவன் மனிதர்களைச் சுட்டுக் கொன்றால் அவனுக்குக் கொலைகாரன் என்று பெயர். அவனே செத்து நூறு வருஷமாகி, அவன் திரிந்த ஊரில் அவன் பெயரைச் சொல்லி நாலு சாராயக் கடையும் ஒரு பொம்மைக் கடையும் நடக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அவன் கொலைகாரன் இல்லை, 'சுவையான பேர்வழி'! பெண்களை ஆசை காட்டி வரவழைத்து விற்றுப் பிழைத்தவனுக்கும் அதே பட்டம்தான். பிறத்தியார் நிலத்தில் வேலி தாண்டிப் புகுந்து கொள்ளையடித்தவர்களுக்கோ இதைவிடப் பெரிய பட்டம். அவர்கள் 'முன்னோடிகள்'. சமாதியின் மேல் புல் முளைத்தால் போதும் போலிருக்கிறது, பாவமெல்லாம் பலகாரமாகிவிடுகிறது.

இந்தப் பட்டமளிப்பு விழாவில் எனக்குச் சம்மதமில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கதை எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பட்டங்களை அச்சடித்துக் கொடுப்பவர்கள் எங்கள் ஜாதிக்காரர்கள்தாம்.

பேச்சுக்கு ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா ராஜ்யத்தில் பிளாக் ஹில்ஸ் என்று ஒரு மலைப் பிரதேசம். அதன் வடபகுதியில் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் டெட்வுட் என்ற ஊர் இருக்கிறது. பட்ட மரம் என்று அர்த்தம். முதலில் போனவர்கள் கண்ணுக்கு அந்தப் பள்ளத்தாக்கு நிறையப் பட்டுப்போன மரங்களே தெரிந்தனவாம். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 1876-ஆம் வருஷம் அங்கே ஓடை மணலில் பொன் அகப்படுகிறது என்ற செய்தி பரவியது. சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் போய்க் கூடாரம் போட்டார்கள். இப்போது அந்த ஊரில் குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சில்லறைப் பேர்தான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களோ லட்சக்கணக்கில். எதற்கு வருகிறார்கள்? சூதாடுவதற்கு, ஆடி ஓய்ந்த நேரத்தில் அந்தச் சுவையான பேர்வழிகளைத் தரிசிப்பதற்கு.

முதல் தாம்பூலம் வைல்டு பில் ஹிக்காக்குக்கு. தோள் வரை தொங்கும் முடி, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி, பெரிய மீசை. 1867-இல் நியூயார்க்கில் வெளியான ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் நிக்கல்ஸ் என்பவர் இவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன்படி இவன் கையால் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். பிற்பாடு ஆற அமரக் கணக்குப் பார்த்தவர்கள், இரண்டு கை விரல்களை மடக்கினால் மிச்சம் இருக்கும் என்கிறார்கள். அந்தச் சொற்பக் கணக்கிலும் ஒன்றைக் கேளுங்கள். 1871-இல் அபிலீன் என்ற ஊரில் காவல் அதிகாரியாக இருந்தபோது, ஒரு சண்டையில் எதிராளியைச் சுட்ட கையோடு, உதவிக்கு ஓடி வந்த தன்னுடைய ஆளையே யாரென்று தெரியாமல் சுட்டுக் கொன்றுவிட்டான். மைக் வில்லியம்ஸ் என்று அவன் பெயர். சுவையான பேர்வழி தரிசனத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு மைக் வில்லியம்ஸைத் தெரியும்?

டெட்வுட்டுக்கு ஹிக்காக் வந்தது 1876 ஜூலையில். கல்யாணமாகி நாலு மாதம். மனைவி ஒரு சர்க்கஸ் கம்பெனி நடத்தியவள். அவளை விட்டுவிட்டு நாலு காசு தேடி வந்திருந்தான். கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. வந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆகஸ்ட் 2-ஆம் தேதி பத்தாம் நம்பர் சலூனில் (நம் ஊரில் சலூன் என்றால் முடி வெட்டுகிற இடம், அங்கே குடிக்கிற இடம்) சீட்டாடிக்கொண்டிருந்தவனை, ஜாக் மக்கால் என்ற ஒரு சோப்ளாங்கிப் பயல் பின்னால் வந்து நின்று பிடரியில் சுட்டான். முப்பத்தொன்பது வயசு. முடிந்தது கதை.

அந்த ஊரில் அவன் ஒரு குந்துமணிப் பொன் கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை. ஒரு கட்டடம் எழுப்பவில்லை, ஒரு வழக்குத் தீர்க்கவில்லை. ஊருக்கு அவன் செய்த ஒரே உபகாரம் அங்கே செத்ததுதான். அதை வைத்து அந்த ஊர் நூற்றைம்பது வருஷமாகச் சாப்பிடுகிறது. சாகும்போது அவன் கையில் இரண்டு ஆஸும் இரண்டு எட்டும் இருந்தன என்றும், அதற்குச் 'செத்தவன் சீட்டு' என்று பெயர் என்றும் உலகம் முழுக்கச் சீட்டாட்டக்காரர்களுக்குத் தெரியும். அவன் செத்து ஐம்பது வருஷம் கழித்து, 1926-இல் வெளியான ஒரு ஜீவிய சரித்திரத்திலிருந்துதான் அந்தச் சீட்டுக் கதை ஊர் பரவியது. ஐம்பது வருஷம் கழித்துப் பிணத்தின் கையில் சீட்டைச் செருகியவன் என்னைப் போல் ஒரு எழுத்துக்காரன்தான். கெட்டிக்காரன், சந்தேகமில்லை.

சுட்டவன் கதிதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாசல். ஜாக் மக்காலைப் பிடித்து மறுநாளே அந்த ஊர்ச் சுரங்கக்காரர்கள் தாங்களே ஒரு கோர்ட்டு வைத்து விசாரித்தார்கள். 'என் சகோதரனை இவன் கொன்றான்' என்றான் மக்கால். விடுதலை செய்துவிட்டார்கள். பயல் ஊரை விட்டுப் போய், வாய் சும்மா இருக்காமல் தன் வீரத்தை அளந்திருக்கிறான். மறுபடி பிடித்து யாங்க்டன் என்ற தலைநகரத்தில் சர்க்கார் கோர்ட்டில் நிறுத்தினார்கள். 1877 மார்ச் 1-ஆம் தேதி தூக்கு.

ஒரு குற்றத்துக்கு இரண்டு விசாரணை எப்படி என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். முதல் விசாரணை செல்லாது என்றார்கள். ஏன் செல்லாது? டெட்வுட்டில் சட்டப்படி ஒரு கோர்ட்டு இருக்க முடியாது. ஏன் முடியாது? சட்டப்படி டெட்வுட் என்ற ஊரே இருக்க முடியாது. அந்த நிலம் அமெரிக்கர்களுக்குச் சொந்தமில்லை!

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1868-இல் லாரமி கோட்டையில் அமெரிக்க சர்க்கார் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. பிளாக் ஹில்ஸ் உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு லகோட்டா ஜனங்களுக்கே உரியது, வெள்ளைக்காரர்கள் அதில் குடியேறக் கூடாது, வயது வந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டாலொழிய ஒரு சாண் நிலமும் கைமாறாது என்று எழுதிக் கொடுத்தது. நம் பாடப் புத்தகங்கள் அந்த ஜனங்களைச் 'செவ்விந்தியர்' என்று மொத்தமாகச் சொல்லிவிடும். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் லகோட்டா. அந்த மலைகளை அவர்கள் பஹா ஸாபா என்பார்கள். கரிய மலைகள் என்று பொருள். நமக்குத் திருவண்ணாமலை எப்படியோ அப்படி அவர்களுக்கு அது.

எழுதிக் கொடுத்து ஏறக்குறைய ஆறு வருஷம்தான் ஓடியிருக்கும். 1874 கோடையில் கஸ்டர் என்ற தளபதி ஆயிரம் பேரோடு அந்த மலைக்குள் போனான். கூடவே பொன் சோதிக்கிறவர்களும் பத்திரிகை நிருபர்களும் போனார்கள். பொன் இருக்கிறது என்று தந்தி பறந்தது. மறு வருஷம் 60 லட்சம் டாலர் தருகிறோம், மலையைக் கொடுங்கள் என்று பேரம் பேசினார்கள். லகோட்டாக்கள் முடியாது என்றார்கள். அப்புறம் பட்டாளம். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டாக்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் கஸ்டரையும் அவன் படைப்பிரிவையும் அழித்தார்கள். ஆனால் பட்டாளம் தோற்ற இடத்தில் பசி ஜெயித்தது. கையெழுத்துப் போடாவிட்டால் ரேஷன் கிடையாது என்று காங்கிரஸில் சட்டம் செய்தார்கள். எருமைக் கூட்டங்களை வேட்டையாடித் தீர்த்தாகிவிட்டது; ரேஷனை விட்டால் சாப்பிட வேறொன்றுமில்லை. அப்படியும் முக்கால்வாசிப் பேர் போட வேண்டிய கையெழுத்தைப் போட்டவர்கள் பத்தில் ஒரு பங்குதான். 'போதும்' என்று வாங்கிக்கொண்டு, 1877 பிப்ரவரி 28-ஆம் தேதி மலையைத் தங்களுடையதாக்கிச் சட்டம் நிறைவேற்றினார்கள்.

பிப்ரவரி 28. மக்காலைத் தூக்கிலிட்டது மார்ச் 1. ஒரு மனிதனைப் பின்னாலிருந்து சுட்டவனுக்குத் தூக்குக் கயிறு. அதற்கு முந்தின நாள் ஒரு ஜனசமூகத்தையே பின்னாலிருந்து சுட்ட காரியத்துக்கு ஜனாதிபதியின் கையெழுத்து. இந்த இரண்டு தேதிகளில் எது நாடகமாக நடிக்கப்படுகிறது தெரியுமா? மக்கால் வழக்குத்தான். வருகிறவர்களுக்காக வருஷா வருஷம் கோடையில் அந்த வழக்கை நடித்துக் காட்டுகிறார்கள். குழந்தைகளோடு போய் உட்கார்ந்து சிரித்துவிட்டு வரலாம்.

'சுவையான பேர்வழிகள்' என்ற சரக்கின் மேல் எனக்குள்ள ஆத்திரம் இதனால்தான். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை. கெட்டவன் இல்லாத கதை உண்டா? அவர்கள் திரை. அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரைக்கும் அவர்களுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க மாட்டீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திராதிபர் என்னிடம் இப்படிப்பட்ட பொன்வேட்டை ஊர்களைப் பற்றி ஒரு தொடர் கேட்டார். நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர். நான் மேற்சொன்ன உடன்படிக்கை விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நிலத் தகராறுக்கு நம்ம ஊர்லயே பஞ்சமில்லே. வாசகன் வெள்ளிக்கிழமை ராத்திரி படிக்கிறான். துப்பாக்கி, சீட்டு, ஒரு பொம்பளை... அப்படிக் கொஞ்சம் சுவையா நாலு ஆளைப் பிடிங்க" என்றார்.

"அந்தப் பொம்பளை யாராக இருக்கட்டும் அண்ணா?" என்று கேட்டேன்.

"அதான் ஒருத்தி ஆம்பளை டிரஸ் போட்டுக்கிட்டு இருப்பாளே, அவதான்."

அவளையே எடுத்துக்கொள்வோம்.

மார்த்தா ஜேன் கானரி. உலகத்துக்குக் கலாமிட்டி ஜேன். மிசூரியில் பிறந்தவள். மேற்கே போகிற வண்டிப் பாதையில் பதின்மூன்று பதினாலு வயசுக்குள் தாயையும் தகப்பனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள். சமைத்தாள், துணி துவைத்தாள், மாட்டு வண்டி ஓட்டினாள், கிடைத்த வேலையைச் செய்தாள், செய்யக் கூடாதது என்று ஊரார் சொல்கிற வேலையையும் செய்தாள். குடித்தாள்; மிகவும் குடித்தாள். 1876-இல் ஹிக்காக் வந்த அதே கூட்டத்தோடு டெட்வுட்டுக்கு வந்தாள். அவனுக்கும் அவளுக்கும் காதல் என்று சினிமாவெல்லாம் எடுத்துவிட்டார்கள். அவனுக்கு அவளைச் சில வாரம் தெரியும், அவ்வளவுதான்.

1877-இல் எட்வர்ட் வீலர் என்பவர் 'டெட்வுட் டிக்' என்ற காலணா நாவலை எழுதி வெளியிட்டார். அதிலேயே கலாமிட்டி ஜேன் என்ற பாத்திரம் வந்துவிட்டது. உயிரோடு ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெயரில் இன்னொருத்தி குதிரை மேல் பறந்துகொண்டிருந்தாள். அந்த நாவல் வரிசை விற்ற விற்பனையில் இவளுக்கு ஒரு செப்புக்காசு வரவில்லை. வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பிழைப்பு மோசமாகப் போன பிற்காலத்தில், 1896-இல், இவளையே மேடையில் நிறுத்திக் காட்சிப் பொருளாக்கினார்கள். 'என் வாழ்க்கையும் சாகசங்களும்' என்கிற மாதிரி ஒரு சிறு புத்தகம் அச்சடித்து இவள் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்த சாகசங்களில் பெரும்பாலானவை நடக்காதவை. இராணுவத்தில் ஒற்றன், கஸ்டருக்குக் கீழே சேவகம், மக்காலை இறைச்சி வெட்டும் கத்தியோடு துரத்திப் பிடித்தது... எல்லாம் புளுகு. அந்தப் புளுகைத் தெருத் தெருவாக, ரயிலடி ரயிலடியாகச் சில்லறைக் காசுக்கு விற்று, அந்தக் காசில் சாப்பிட்டாள். பொய்யை எழுதியவன் வீட்டில் இருந்தான். அதைச் சுமந்து விற்றவள் இவள்.

நிஜத்தில் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1878-இல் அந்த ஊரில் வைசூரி போட்டது. ஊரார் கிட்டே போகப் பயந்து ஒதுக்கி வைத்திருந்த நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, செத்தவர்களைப் புதைக்கவும் கூட நின்றவள் அவள் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். குடிகாரி, ஏழை, போக்கிடமில்லாதவள், வைசூரிக் கொட்டகைக்குள் போனாள். இதை எழுதத் தெரியாதவன், அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அவளைச் சுவையாக்குகிறான்.

1903 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, டெட்வுட்டுக்குப் பக்கத்தில் டெரி என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு விடுதி அறையில் செத்துப்போனாள். ஐம்பது வயசுகூட ஆகியிருக்காது என்கிறார்கள். படத்தில் பார்த்தால் எழுபது மதிக்கலாம். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, மவுண்ட் மொரையா இடுகாட்டில் ஹிக்காக்கின் பக்கத்தில் புதைத்தார்கள். செத்த பிறகும் கதைக்குப் பொருத்தமான இடம்! 1953-இல் ஹாலிவுட்டில் அவளைப் பற்றிப் பாட்டும் கூத்துமாக ஒரு படம் வந்தது. டோரிஸ் டே என்ற அழகி நடித்தாள். பாட்டுக்கு ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள்.

டெட்வுட் டிக் கதையின் வாலையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு ஆள் கிடையாது, வீலரின் கற்பனை. ஆனால் யாத்திரீகர்கள் 'டிக் எங்கே, டிக் எங்கே' என்று கேட்டார்கள். ஊரார் பார்த்தார்கள், ரிச்சர்ட் கிளார்க் என்ற கிழவனைப் பிடித்து, முடி வளர்த்து, தோல் சட்டை மாட்டி, டிக் ஆக்கிவிட்டார்கள். 1927-இல் ஜனாதிபதி கூலிட்ஜை ஊருக்கு அழைக்க அவனை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். நாளாக நாளாக அந்தக் கிழவன் தான் நிஜமாகவே டிக்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊரே நம்பும்போது அவன் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

இனி ஆல் ஸ்வெரஞ்சன். இந்த மகானுபாவரைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு வரவில்லை. 1877-இல் டெட்வுட்டில் ஜெம் தியேட்டர் என்று ஒன்றைத் திறந்தான். நாடகத்தில் நடிக்க, பரிமாற, கௌரவமான வேலைக்குப் பெண்கள் தேவை என்று கிழக்கே இருந்த ஊர்களிலிருந்து பெண்களை வரவழைப்பான். ஒரு வழிப் பயணத்துக்குத்தான் காசு. வந்து இறங்கினால் வேலை வேறு. திரும்பிப் போகக் கையில் காசில்லை, நாலா பக்கமும் மலை. மறுத்தால் அடி. சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 1899-இல் தியேட்டர் எரிந்து போகிற வரையில், இருபது வருஷத்துக்கு மேல், இந்த வியாபாரம் நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2004 முதல் 2006 வரை அமெரிக்காவில் ஒரு பெரிய தொலைக்காட்சித் தொடர் இந்த ஊரின் பெயரிலேயே ஓடியது. அதை மெச்சாத விமரிசகர் குறைவு. எழுத்து, நடிப்பு எல்லாம் முதல் தரம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அதில் ரஸிகர்கள் கொண்டாடியது யாரை? ஸ்வெரஞ்சனை. என்ன வசனம், என்ன கம்பீரம், உள்ளே என்ன ஒரு ஈர மனசு! ஈர மனசைக் கொண்டுபோய் வைக்க ஊரில் வேறு நெஞ்சா கிடைக்கவில்லை? ரயிலிலும் வண்டியிலும் நூற்றுக்கணக்கான காதம் வந்து இறங்கிய ஒரு பெண், முதல் நாள் ராத்திரி அந்தத் தியேட்டர் மாடியில் எந்த நிமிஷத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்? அதை எழுது ஐயா! சீட்டும் துப்பாக்கியும் இல்லாமலே வாசகன் கை நடுங்கும்.

'அப்படியென்றால் அயோக்கியனைப் பற்றி எழுதவே கூடாதா?' என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். கேள்வி, கதையை யார் பக்கத்தில் நின்று சொல்கிறோம் என்பது. பொன்னால் வந்த அநியாயத்தைப் பற்றி நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான், ஒரு ராஜா விசாரிக்காமல் தலையை வாங்கினான். அந்தப் பொற்கொல்லனும் சுவையான பேர்வழிதான். திருடுவதற்குச் சாஸ்திரமே சொல்லுகிற ஆசாமி. ஆனால் இளங்கோவடிகள் காப்பியத்துக்குச் சிலப்பதிகாரம் என்று பெயர் வைத்தாரே ஒழியப் பொற்கொல்லப் பிரதாபம் என்று வைக்கவில்லை. பறிகொடுத்தவள் கையில் கதையைக் கொடுத்தார்.

பறித்தவர்களிலும் சுவையில்லாத பேர்வழி ஒருவர் உண்டு. அவர்தான் நிஜமான பேர்வழி. பெயர் ஜார்ஜ் ஹெர்ஸ்ட். சண்டை இல்லை, சீட்டு இல்லை, தோல் சட்டை இல்லை. 1876 ஏப்ரலில் மானுவேல் சகோதரர்கள் கண்டுபிடித்திருந்த ஹோம்ஸ்டேக் என்ற பொன் பாறையை, 1877-இல் கூட்டாளிகளோடு சேர்ந்து 70,000 டாலருக்கு வாங்கினார். ஓடை மணலைச் சலித்தவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வேறு ஊர் பார்த்தார்கள். ஹெர்ஸ்டின் சுரங்கம் 2002 வரை வேலை செய்தது. நூற்று இருபத்தைந்து வருஷம். 8,000 அடி ஆழம். ஏறக்குறைய 4 கோடி அவுன்ஸ் பொன். அவர் செனட்டர் ஆனார். அவர் மகன் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் பத்திரிகைச் சக்கரவர்த்தி ஆனான்; பரபரப்பான பேர்வழிகளைப் பற்றி எழுதிப் பத்திரிகை விற்கும் வித்தையை உலகத்துக்குப் போதித்தவர்களில் ஒருவன். அப்பன் பொன்னைத் தோண்டினான், மகன் சுவையைத் தோண்டினான். 1909-இல் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கம் பலமானபோது கம்பெனி கதவை அடைத்தது. மறு வருஷம் சங்கத்தை விட்டவர்களுக்கு மட்டும் வேலை என்று திறந்தது. இதை யாரும் கோடையில் நடித்துக் காட்டுவதில்லை.

சீனர்களையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சலவை, சாப்பாட்டுக் கடை, மளிகை. வோங் என்பவர் நடத்திய விங் ஸூ கடை பிரசித்தம். அமெரிக்காவுக்குச் சீனத் தொழிலாளிகள் வரக் கூடாது என்று 1882-இல் சட்டம் வந்த பின் மெல்ல மெல்லத் தேய்ந்தார்கள். இடுகாட்டில் புதைத்தவர்களில் பெரும்பாலோருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சீனாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த மண்ணில் எலும்பைக்கூட விட்டு வைக்க அவர்களுக்கு நம்பிக்கை இல்லை.

இதெல்லாம் எங்கோ அமெரிக்கச் சமாசாரம், நமக்கென்ன என்று இருக்கலாம். இருக்க முடியவில்லை. நமக்குப் பக்கத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்த நாளிலிருந்து 2001-இல் மூடுகிற வரைக்கும் அந்தப் பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட ஜனங்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள், பாறைத் தூள் நெஞ்சில் ஏறி இருமி இருமிச் செத்தவர்கள் அநேகம். 2018-இல் அந்த வயலின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கன்னடப் படம் வந்தது; தமிழிலும் பேசிற்று; பிய்த்துக்கொண்டு ஓடியது. கதாநாயகன் பம்பாயிலிருந்து வந்து இறங்கும் ஒரு அடியாள்! சுரங்கத்து ஜனங்கள் அவன் நடந்து வரும்போது வாய் பிளந்து பார்ப்பதற்காகப் பின்னால் நிற்கிறார்கள். இன்னும் ஐம்பது வருஷம் போனால் தங்கவயலுக்கு வருகிறவர்கள் அந்த அடியாள் நின்ற இடம் எது என்று கேட்பார்கள். யாராவது ஒரு கிழவனுக்கு தாடி வளர்த்துக் காட்டவும் காட்டுவார்கள். 2024-இல் தமிழில் 'தங்கலான்' வந்ததே என்பீர்கள். வந்தது, தோண்டியவர்களைக் கதைக்கு நடுவில் நிறுத்தப் பார்த்தது. எந்தப் படத்துக்கு விசில் அதிகம் என்று கொட்டகைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பத்திராதிபருக்கு நான் அந்தத் தொடரை எழுதித் தரவில்லை. வேறொருவர் எழுதினார், நன்றாகவே எழுதினார். அதில் ஆஸும் எட்டும் வந்தன. தோல் சட்டை வந்தது. லகோட்டா என்ற சொல் வரவில்லை.

அவர்கள் கதை இன்னும் முடியவில்லை என்பதால் சொல்கிறேன். கோர்ட்டு வாசலில் அவர்கள் அறுபது வருஷம் நின்றார்கள். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த மலைகளை எடுத்துக்கொண்டது நியாயமான நஷ்டஈடு கொடுக்காமல் எடுத்தது, பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒரு பக்கம். வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல். லகோட்டாக்கள் வேண்டாம் என்றார்கள். மலை விற்பனைக்கு இல்லை, நாங்கள் கேட்டது மலையை என்றார்கள். அவர்கள் வசிக்கும் பைன் ரிட்ஜ் போன்ற இடங்கள் அந்த நாட்டிலேயே மிகவும் ஏழைப் பிரதேசங்களில் சேர்ந்தவை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியில்லாத குடும்பங்கள் உண்டு. டெட்வுட்டில் 1989-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கி, பழைய கட்டடங்களையெல்லாம் ஹிக்காக் காலத்து வர்ணம் அடித்துப் புதுப்பித்துவிட்டார்கள். அங்கிருந்து சில மணி நேரக் கார் பிரயாணத்தில் பைன் ரிட்ஜ். வாஷிங்டன் கஜானாவில் அந்தப் பணம் வட்டி ஏறி ஏறி நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதுவரை அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.